டி பிளாக் ஓட்டுக்கு மதிப்பு ஒன்று

அபார்ட்மெண்ட் மேனேஜர் வேலைக்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். இரண்டு காதும் நன்றாகக் கேட்க வேண்டும், கேட்டது எதுவும் முகத்தில் தெரியக் கூடாது.

பாரிவாக்கத்தில் ஏ, பி, சி, டி என்று நான்கு பிளாக் உள்ள ஒரு குடியிருப்பில் நான் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். தண்ணீர் லாரி வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வந்து ஹார்ன் அடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உங்களில் யாராவது அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாளாவது அட்மினாக இருந்திருந்தால் உட்காருங்கள், இது நம் சொந்தக் கதை. மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் நீங்கள் சிரிக்கிற இடத்தில் நாங்கள் பெருமூச்சு விடுவோம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனாதிபதி பாணி

மற்ற குடியிருப்புகளில் தலைவர் தேர்தல் என்றால் எல்லோரும் கிளப் ஹவுஸில் கூடிக் கையைத் தூக்குவார்கள், சமோசா சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் ஏ பிளாக்கில் கிருஷ்ணமூர்த்தி சார் இருக்கிறார். வங்கி மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். மற்றவர்கள் காலையில் ராசிபலன் பார்ப்பது போல இவர் அரசியல் சட்டத்தைப் புரட்டுவார். சங்கம் ஆரம்பித்தபோது விதிமுறை எழுதுகிற வேலையை அவர் தலையில் கட்டினார்கள். அவர் நாட்டின் ஜனாதிபதித் தேர்தலைக் கொண்டுவந்து பாரிவாக்கத்தில் இறக்கிவிட்டார்.

அதாவது, குடியிருப்பவர்கள் நேராகத் தலைவருக்கு ஓட்டுப் போட முடியாது. பிளாக்குக்கு நான்கு பிரதிநிதிகள். அந்தப் பதினாறு பேர்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கு ஒரு சீட்டுதான், ஆனால் சீட்டின் மதிப்பு வேறு வேறு. பிளாக்கில் குடியிருக்கும் குடும்பங்களை எண்ணி நான்கால் வகுத்தால் வருவது அந்த பிளாக் பிரதிநிதியின் ஓட்டு மதிப்பு. அப்படி வகுத்ததில் ஏ பிளாக் ஓட்டுக்குப் பன்னிரண்டு, பிக்குப் பத்து, சிக்கு ஒன்பது, டிக்கு ஒன்று. ஆமாம், ஒன்று. எண்ணிய காலத்தில் டி பிளாக்கில் பூச்சு வேலையே முடியவில்லை. நாலே குடும்பங்கள்தான் பால் காய்ச்சியிருந்தன. இன்றைக்கு ஏ பிளாக் போலவே அங்கேயும் நாற்பத்தெட்டு வீட்டிலும் ஆள் இருக்கிறது. ஆனால் முதலில் எண்ணிய கணக்கை மாற்றக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "கையைத் தூக்கினால் போதாதா சார்?" என்று கேட்டுவிட்டேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய தேசத்துக்கு ஒத்து வர்றது, நாலு பிளாக்குக்கு ஒத்து வராதா?"

ஒரு சைபர்

டி பிளாக்கின் புதுப் பிரதிநிதியாகப் பிரபாகர் வந்தார். திருநெல்வேலிப் பையன், அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை, வங்கிக் கடனில் வாங்கிய வீடு. பிரதிநிதியான சந்தோஷத்தில் ஒரு பெட்டி ஸ்வீட்டோடு ஆபீசுக்கு வந்தார். நான் மரியாதையாக விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து ஓட்டு மதிப்பைக் காட்டினேன். இந்த மாதிரி நேரங்களில் ஸ்வீட்டை முதலில் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம் திரும்பப் பிடுங்க முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

"மேடம், இதுல ஒரு சைபர் விட்டுப்போச்சுன்னு நெனைக்கேன்" என்றார். இல்லை, ஒன்றேதான் என்றேன். ஏ பிளாக் வரியைப் பார்த்தார், தன் வரியைப் பார்த்தார், மறுபடி ஏ பிளாக் வரியைப் பார்த்தார். அவர்கள் மாதிரியே படுக்கையறை, அவர்கள் மாதிரியே பால்கனி, அவர்கள் மாதிரியே மாதத் தவணை. மனுஷன் கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப சாந்தமாகக் கேட்டார்.

"அப்ப மெயின்டெனன்ஸும் பன்னெண்டுல ஒரு பங்கு கட்டுனா போதும்லா?"

சிக்கிம் எம்எல்ஏ

எங்கள் எலக்ட்ரீஷியன் தாஸ். பிளம்பரும் அவர்தான், குரங்கு புகுந்தால் விரட்டுவதும் அவர்தான். வெள்ளானூரிலிருந்து வருகிறவர். பிரபாகர் பேசிவிட்டுப் போனதை ஆபீஸ் வாசலில் ட்யூப்லைட் மாட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். ஏணியில் நின்றபடியே, "நெசமாவே ஜனாதிபதிக்கும் இப்டித்தானாக்கா?" என்றார்.

கிருஷ்ணமூர்த்தி சாரிடம் நான் கேட்ட பாடமெல்லாம் அன்றைக்கு உதவியது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை எம்எல்ஏக்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்எல்ஏவின் ஓட்டு மதிப்பு. அந்த மக்கள்தொகையும் இன்றைய கணக்கு இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் எடுத்த கணக்கு. அதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன்படி நம் எம்எல்ஏவுக்கு நூற்று எழுபத்தாறு, உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு இருநூற்று எட்டு, சிக்கிம்காரருக்கு ஏழு. சிக்கிமில் ஜனங்கள் குறைவு, அதனால் ஏழு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் டி பிளாக்கில் ஜனங்கள் குறைவில்லை, எண்ணுகிற நேரத்தில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் நான் பொறுமையாக விளக்கி முடித்தேன். தாஸ் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

"ஏழு ஓட்டுக்கு இன்னாத்துக்குக்கா அந்தாளு சட்டய இஸ்திரி போட்டுகினு போறாரு?"

நாலாவது மாடி

டி பிளாக் நாலாவது மாடியில் யூசுப் பாய் இருக்கிறார். பூந்தமல்லியில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கத்தில் அவருடைய அண்டாவில் பிரியாணி சாப்பிடாத ஆள் இருக்க முடியாது; என் கல்யாணத்துக்கும் அவர் அண்டாதான். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் குறித்த நேரத்துக்குப் போய்ப் படுத்தாக வேண்டும், தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருப்பது எங்கள் டி பிளாக் லிப்ட். ஏ, பி, சி மூன்றின் லிப்டுக்கும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டு. டிக்கு மட்டும் கிடையாது.

இந்தப் பக்கம் நாலு தூறல் விழுந்தால் கரண்ட் போகும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் போனது. ரஹ்மத் அக்கா, அவர் மனைவி, போன் பண்ணினார். நான் நாலு மாடி ஏறினேன். மேலே போனபோது எனக்கே பேச்சு வரவில்லை. பாய் சாப்பாட்டு மேசை நாற்காலியில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். தாஸ், பிரபாகர், இரண்டு செக்யூரிட்டி என்று நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மாடித் திருப்பங்களில் நாற்காலிக் கால் கைப்பிடியில் இடித்தது. இரண்டாவது மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். யாருக்கு மூச்சு அதிகம் வாங்கியது என்று சொல்ல முடியாது. கீழே கிருஷ்ணமூர்த்தி சார் வாக்கிங் போக முடியாமல் குடையோடு நின்றிருந்தார். ஆட்டோ வரைக்கும் பாய் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் தோள் முழுக்க நனைந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டது முகத்தில் தெரியக் கூடாது என்று சொன்னேனே, பார்த்தது தெரியாமலிருக்க என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. யூசுப் பாய் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி என்னைச் சமாதானப்படுத்தினார்.

"இன்னாத்துக்கும்மா கண்ண கசக்குற? ஊர்ல எல்லாரையும் நாலு பேரு ஒரு வாட்டிதான் தூக்குவாங்க, நம்மள மாசா மாசம் தூக்குறாங்களே!"

பிந்தி வந்தவர்கள்

ஜெனரேட்டர் இணைப்பு கேட்டு டி பிளாக் எழுதிக் கொடுத்தது. தலைவர் சுந்தரம் சார் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ பிளாக்காரர், மருந்துக் கம்பெனியில் இருந்தவர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். அவருடைய சங்கடம், ஜெனரேட்டர் சின்னது. டி பிளாக் லிப்டையும் அதில் சேர்த்தால் கரண்ட் போகிற நேரத்தில் ஏ பிளாக் வராந்தா விளக்குகளையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் நிறுத்த வேண்டும். ஏ பிளாக்கில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். இருட்டில் கால் இடறி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கோரிக்கை "பரிசீலனையில்" போய் உட்கார்ந்தது. அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நம் எல்லோருடைய கோரிக்கையும் அங்கேதான் குடியிருக்கிறது.

பிரபாகர் நேராகக் கிருஷ்ணமூர்த்தி சாரிடம் போய்விட்டார். பழைய கணக்கை ஏன் இப்படிப் பூட்டி வைத்தீர்கள் என்று கேட்டார். அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான். அன்றைக்கு டியிலும் சியிலும் விற்காத வீடுகள் பில்டர் கையில் இருந்தன. அவர் தன் ஆட்களைக் குடிவைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, சங்கத்தையே பிடித்துவிடுவார் என்று முதலில் குடிவந்தவர்கள் பயந்தார்கள். ரோடு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், பாம்போடு குடித்தனம் பண்ணிய முதல் குடும்பங்கள் அவை. ஆகவே அன்று இருந்தவர்களை எண்ணிப் பூட்டினார்கள். தேசத்திலும் அப்படித்தான் என்றார். "கொறைச்சலா பெத்துக்கோன்னு கவர்மெண்ட் சொல்லித்து. நம்ம மாதிரி மாநிலம் கேட்டுது. சொன்ன பேச்சைக் கேட்டதுக்காக மதிப்பைக் கொறைக்கலாமா? அதான் பழைய கணக்குலயே நிறுத்தினா." பிரபாகர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரிதான் சார். ஆனா பில்டர் போயி எத்தனையோ வருசமாச்சு. நாங்க பிந்தி வந்தோம், அம்புட்டுதான். அதுக்கு யூசுப் பாய் என்ன சார் செய்வாரு?"

பி பிளாக்கின் பொற்காலம்

இந்த நிலைமையில் தலைவர் தேர்தல் வந்தது. சுந்தரம் சார் மறுபடி நின்றார். எதிரில் சி பிளாக் நிர்மலா டீச்சர். ஆவடியில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், ஜெயித்தால் முதல் வேலையாக டி பிளாக் லிப்டுக்கு ஜெனரேட்டர் என்று நோட்டீசிலேயே போட்டார். ஆக, யூசுப் பாய் நாற்காலியில் இறங்குவதா லிப்டில் இறங்குவதா என்பதுதான் தேர்தல்.

ஏ பிளாக் நாலும் சுந்தரம் சாருக்கு, சி நாலும் நிர்மலா டீச்சருக்கு என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். ஊசலாடியது பி பிளாக். அங்கே நாலு பிரதிநிதிகளுக்கும் அந்த மாதம் முழுக்க மாப்பிள்ளை உபசாரம். சுந்தரம் சார் மைசூர்பாகு கொண்டு போனார், டீச்சர் அடை மாவு கொண்டு போனார். பி பிளாக் பின்பக்கத்தில் வருஷக் கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒரே நாளில் சரியானது. ஜனாதிபதியை மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கிற வெளிநாடு ஒன்றிலும் இழுபறி மாநிலங்களைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்களாம், மற்ற மாநிலங்கள் டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானாம். கிருஷ்ணமூர்த்தி சார் சொன்னார். டி பிளாக் படியில் யாரும் கால் வைக்கவில்லை. சுந்தரம் சார் போகாததற்குக் காரணம் உண்டு. நிர்மலா டீச்சரும் போகவில்லை. "அவங்க எப்படியும் எனக்குத்தானே மேடம்" என்றுவிட்டார். கடைசியில் தேர்தல் அறிவிப்பை ஒட்ட நான்தான் போனேன். ரஹ்மத் அக்கா கதவைத் திறந்து நோட்டீசைப் பார்த்தார், என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஓட்டு கேக்கவாவது ஒருத்தரு மேல வந்தா, இவருக்குப் பேச்சுத் தொணையா இருக்கும்னு பாத்தேன்."

உத்தரவு

தேர்தலுக்கு முந்தின வாரம் ஏ பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது: நம் பிளாக்கின் நாலு ஓட்டும் சிந்தாமல் சிதறாமல் சுந்தரம் சாருக்கே விழ வேண்டும், இல்லாவிட்டால் நம் வராந்தா இருட்டு. அந்த நாலு பிரதிநிதிகளில் கிருஷ்ணமூர்த்தி சாரும் ஒருவர். போனைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். ஜனாதிபதித் தேர்தலில் எந்தக் கட்சியும் தன் உறுப்பினர்களுக்கு இப்படித்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட முடியாது, கொறடாவுக்கு அங்கே வேலையே இல்லை என்று மேசையைத் தட்டினார். தட்டிவிட்டு அந்தச் செய்தியை மறுபடி படித்தார். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வராந்தா விளக்கு அவருக்கும் வேண்டும்.

அப்படியானால் உங்கள் விருப்பம் போல் போடுங்களேன் சார் என்றேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"விருப்பம்னு ஒண்ணு இருக்கறதே இந்த வயசுல பெரிய தொந்தரவும்மா."

ஊதா மை

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளப் ஹவுஸ். தேர்தல் அதிகாரி நான்தான். வேறு யார் மாட்டுவார்கள்? ஜனாதிபதித் தேர்தலில் ஊதா மைப் பேனா கொடுப்பார்கள், அதில்தான் எழுத வேண்டும் என்பதால் எங்கள் விதியிலும் ஊதா மை உண்டு. பூந்தமல்லி கடைத்தெருவில் நாயாக அலைந்து வாங்கி வந்தேன். பிளாக்குக்கு ஒரு நிறத்தில் சீட்டு, மதிப்பு குழம்பக் கூடாது என்று. பிடித்தவர் பெயருக்கு நேரே ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எண் எழுத வேண்டும். பெயரோ கையெழுத்தோ இருந்தால் செல்லாது, யார் போட்டது என்று தெரிந்துவிடும் அல்லவா? எண்ணுவதற்கு முன்பே முடிவு தெரிந்த மாதிரிதான். பி பிளாக் ஆளுக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஏயும் பாதி பியும் சேர்ந்தால் சுந்தரம் சாருக்கு அறுபத்தெட்டு. சி, பாதி பி, டியின் நாலு எல்லாம் சேர்த்தாலும் டீச்சருக்கு அறுபதுதான்.

ஏ பிளாக்கின் இளஞ்சிவப்புச் சீட்டுகளில் ஒன்றைப் பிரித்ததும் என் கை நின்றுவிட்டது. நிர்மலா டீச்சர் பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. சுந்தரம் சார் பெயருக்கு நேரே புதிதாக ஒன்று. அடித்த இடத்துக்குப் பக்கத்தில், அழகாகச் சுழித்து, ஒரு கையெழுத்து. வங்கியில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்களே, அந்தப் பழக்கம். எங்கள் விதிமுறைப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிற அதே கையெழுத்து. இந்தச் சீட்டு செல்லாது என்றால் சுந்தரம் சாருக்குப் பன்னிரண்டு போய் ஐம்பத்தாறு. டீச்சர் ஜெயித்துவிடுவார்.

"அதான் கடைசியில சுந்தரத்துக்குத்தானே போட்டிருக்கு, எண்ணுங்க மேடம்" என்று ஏ பிளாக் பக்கமிருந்து குரல் வந்தது. விதிப்படி செல்லாது. ஆனால் என் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் சுந்தரம் சார். நான் டி பிளாக் வாசலில் அழுதுகொண்டு நின்றதையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். செல்லாது என்றால் டிக்காகச் செய்தேன் என்பார்கள், செல்லும் என்றால் சம்பளத்துக்காகச் செய்தேன் என்பார்கள். அப்போது கிருஷ்ணமூர்த்தி சார் எழுந்து நின்றார்.

"சட்டத்தை எழுதினவன் நான், கையெழுத்துப் போட்ட மடையனும் நான். மொதல்ல போட்டது என் மனசு, அடிச்சிட்டுப் போட்டது என் பிளாக்கு. செல்லாதுன்னு எழுதும்மா."

நாலு வீட்டு பெல்

எழுதினேன். சுந்தரம் சாருக்கு ஐம்பத்தாறு, நிர்மலா டீச்சருக்கு அறுபது. கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் கணக்குப் புத்தி விடாமல் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். டி பிளாக்கின் நாலு ஒற்றை ஓட்டுகள் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் ஐம்பத்தாறு. சமமானால் இருக்கிற தலைவரே தொடர்வார் என்பது விதி. ஒரு தடவைகூடப் படியேறிப் போய்க் கேட்காத ஓட்டு அது. டீச்சர் பிரபாகரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து, மன்னிச்சுக்கோப்பா, நன்றி என்றார். பிரபாகர் கூச்சத்தில் நெளிந்தார்.

"எனக்கு எதுக்கு மேடம் நன்றி? ஒரு ஓட்டுக்கு ஞாயித்துக்கெழம எதுக்கு எந்திரிக்கணும்னு நாங்க நாலு பேருமே படுத்துட்டோம்லா. யூசுப் பாய்தான் விடியக்காலம் லிப்டுல மாடி மாடியா போயி நாலு வீட்டு பெல்லையும் அடிச்சுட்டாரு."

இருட்டு வராந்தா

தாஸ் கம்பி இழுத்து இணைப்பைக் கொடுத்த பிறகு மழைக்காலத்தின் முதல் கரண்ட் கட் ஒரு சாயங்காலம் வந்தது. ஏ பிளாக் வராந்தா இருண்டது. என் போன் அலற ஆரம்பித்தது. ஓடினேன். மாடிப்படி முனையில் சுந்தரம் சார் டார்ச் அடித்து ஒவ்வொருவரையும் வீடு சேர்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணமூர்த்தி சாரின் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிட்டு வந்தார். என்மேல் கோபமா சார் என்று கேட்கத் துணிச்சல் இல்லாமல், விளக்குக்கு வேறு ஏற்பாடு செய்யச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தேன். பேட்டரி விளக்கு நாலு வாங்கினால் போதும், டீச்சரிடம் நானே சொல்கிறேன் என்றார். அதற்குள் மேல் மாடியிலிருந்து யாரோ அசோசியேஷனைத் திட்டும் சத்தம் கேட்டது. சுந்தரம் சார் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

"தோத்ததுல ஒரு சுகம் மேடம், இந்தத் திட்டு எனக்கு இல்லை."

சாக்கு

டியை மறுபடி எண்ண வேண்டும் என்று டீச்சர் பொதுக்குழுவில் வைத்திருக்கிறார். அவருடைய சி பிளாக்கிலேயே முணுமுணுப்பு; எண்ணினால் மற்ற எல்லோருடைய பங்கும் கொஞ்சம் சுருங்கும். அது நடக்கிறபோது நடக்கட்டும்.

போன வாரம் காலையில் நல்ல மழை. டயாலிசிஸ் நாள். யூசுப் பாயையும் ரஹ்மத் அக்காவையும் ஆட்டோ ஏற்றிவிட நானும் லிப்டில் இறங்கினேன். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் கரண்ட் போனது. லிப்ட் நின்றது, இருட்டு. ரஹ்மத் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். பாய் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் ஜெனரேட்டர் இருமி எழுந்தது, விளக்கு வந்தது, லிப்ட் ஒரு குலுக்கு குலுக்கி இறங்க ஆரம்பித்தது. ரஹ்மத் அக்கா அழுதார், நானும்தான். யூசுப் பாய் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"போச்சு. அந்த ஊசிக்கு லேட்டா போறதுக்கு நமக்குன்னு இருந்த ஒரே சாக்கு, அதையும் ஓட்டுப் போட்டுப் பிடுங்கிட்டீங்க."

எங்கே எத்தனை பேர் என்று எண்ணுகிறவர்கள், கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து நாலு மாடி ஏறிப்போய் எண்ணினால், டெல்லியானாலும் பாரிவாக்கமானாலும் கணக்கு கொஞ்சம் சரியாக வரும் என்பது மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற என் தாழ்மையான அபிப்பிராயம்.